திருச்சியிலிருந்து காவிரிக் கரையில் சைக்கிள்: எந்தக் கரை, எந்த மாதம், எவ்வளவு தூரம்

நீங்கள் கேட்டதன் சுருக்கம்: வேலை மாற்றலில் திருச்சிக்கு வந்திருக்கிறீர்கள். வெளிநாட்டில் இருந்தபோது தன்யூப் நதிக்கரையில் சைக்கிள் பயணம் செய்திருக்கிறீர்கள். அதேபோலக் காவிரிக் கரையிலும் ஓட்ட முடியுமா, அரை நாள் வழி ஒன்றும் இரண்டு நாள் வழி ஒன்றும் சொல்ல முடியுமா, உடன் வரும் மனைவிக்கு நீண்ட தூரம் பழக்கமில்லை, என்ன செய்யலாம்?

ஓட்ட முடியும். நன்றாகவே ஓட்டலாம். ஆனால் தன்யூப் கரையை மனத்தில் வைத்துக்கொண்டு இறங்கினால் முதல் நாளே சலிப்பு வரும். அங்கே பல இடங்களில் பாதை பிறந்ததே, கரையில் நடந்த குதிரைகள் படகுகளை நீரோட்டத்துக்கு எதிராக இழுத்துச் சென்றதால். அந்த வேலை போனபின் வழி சும்மா கிடந்தது, சைக்கிளுக்குக் கிடைத்தது. காவிரிக் கரையின் வேலை இன்னும் முடியவில்லை. அது தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோவதற்காகப் போட்ட கரை. அதன்மேல் டவுன் பஸ் வரும், வாழைத்தார் ஏற்றிய வேன் வரும், வைக்கோல் டிராக்டர் வரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள், கதவணைப் பணியாளர் வருவார். சைக்கிளுக்கென்று தனிப் பாதையோ கோடோ கிடையாது. எந்த மாதம், எந்த நேரம், எந்தப் பக்கத்துக் கரை என்பதைப் பாசனம்தான் தீர்மானிக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கு இந்தக் கரை அள்ளிக் கொடுக்கும்.

எனவே தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். மேட்டூர் அணையைக் குறுவைப் பாசனத்துக்காக ஜூன் 12 அன்று திறப்பதும் ஜனவரி 28 அன்று மூடுவதும் வழக்கம். இது அணையில் இருக்கும் நீரைப் பொறுத்தது. 2022-ல் நீர் நிறைந்திருந்ததால் மே 24 அன்றே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேட்டூரில் திறந்த நீர் கல்லணைக்கு வந்து சேரச் சில நாட்கள் ஆகும். அதுவரை திருச்சியில் காவிரி என்பது பெரும்பாலும் மணலும் நாணலும்தான். பிப்ரவரி முதல் மே வரை "ஆறு பார்க்கப் போகிறேன்" என்று கிளம்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கத்திரி வெயில் நாட்களில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. அந்த மாதங்களில் காலை ஆறு மணிக்குக் கிளம்பி எட்டுக்குள் வீடு சேர்கிற சின்னச் சுற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது காற்று. புதிதாக வந்தவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் காற்று கோவை, கரூர் தாண்டித் திருச்சி வரை வந்து வீசும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைச் சமவெளியில் சைக்கிள் மிதித்துப் பார்த்தவர் மறுக்க மாட்டார். ஆனி, ஆடி, ஆவணியில் காற்று மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும். ஆறும் மேற்கிலிருந்து கிழக்காகத்தான் ஓடுகிறது. ஆக ஆற்றோடு போனால் காற்று முதுகைத் தள்ளும், திரும்பும்போது மார்பில் மோதும். விடியற்காலையில் அடங்கியிருந்து, வெயில் ஏற ஏறக் காற்றும் வலுக்கும் என்பதால், காலை பத்து மணிக்கு மேல் கிழக்கிலிருந்து திருச்சிக்கு மிதித்து வருவது பழக்கமில்லாதவருக்குத் தண்டனை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவம் வந்ததும் இது மாறிவிடும். அப்போது கவலை மழை மட்டுமே. என்னைக் கேட்டால், மார்கழியும் தையும்தான் முதல்தரம். ஆற்றில் தண்ணீர் இருக்கும், வெயில் இதமாக இருக்கும், சம்பா கதிர் முற்றியிருக்கும். ஜனவரி கடைசிக்குள் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

இனி அரை நாள் வழி. திருச்சியில் காவிரி இரண்டாகப் பிரிந்து ஓடுகிறது என்பதை அறிவீர்கள். மேற்கே சுமார் 18 கி.மீ. தொலைவில் முக்கொம்பில் கொள்ளிடம் வடக்கே பிரிகிறது. கிழக்கே கல்லணையருகில் இரண்டும் மீண்டும் நெருங்கி வருகின்றன. நடுவில் இருக்கும் நீண்ட தீவில்தான் திருவரங்கமும் திருவானைக்காவும் இருக்கின்றன. ஆகவே கல்லணைக்குப் போக காவிரியின் இரு கரையிலும் சாலை உண்டு. தென்கரைச் சாலை ஓயாமரி, சர்க்கார்பாளையம், வேங்கூர் வழியாகப் போகும். தீவுப் பக்கத்துச் சாலை திருவானைக்காவிலிருந்து திருவளர்ச்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகப் போகும். ஒன்றில் போய் மற்றொன்றில் திரும்பினால் ஏறக்குறைய 35 முதல் 40 கி.மீ. வரும். ஏற்றம் இறக்கம் கிடையாது. மணிக்கு 12 முதல் 15 கி.மீ. வேகத்தில் ஓட்டுகிறவருக்கு, நின்று பார்க்கும் நேரத்தையும் சேர்த்து, நான்கு மணி நேரம் போதும்.

எதில் போய் எதில் திரும்புவது? பலர் தீவு வழியே போய்த் தென்கரையில் திரும்புகிறார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன். நம் நாட்டில் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். தென்கரையில் கிழக்கே போகும்போது ஆறு உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். தீவுக் கரையில் மேற்கே திரும்பும்போதும் ஆறு இடக்கைப் பக்கம்தான். ஆக முழுச் சுற்றிலும் உங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவில் எதிர்வரும் வாகனம் இருக்காது. வழியில் எங்கே வேண்டுமானாலும் சாலையைக் கடக்காமல் ஓரமாக நிற்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. திரும்பும்போது வெயில் ஏறியிருக்கும். தீவுப் பக்கம் வாழைத் தோட்டமும் தென்னையும் அடர்த்தி. நிழலும் கிடைக்கும், எதிர்காற்றும் கொஞ்சம் தணியும்.

கவனிக்க வேண்டிய ஒன்று: இரண்டு சாலையும் குறுகல். ஆற்றுப் பக்கம் பல இடங்களில் தடுப்புச் சுவர் இல்லை. பஸ் வந்தால் போட்டி போடாதீர்கள். ஓட்டுநர் அந்தச் சாலையில் தினமும் போகிறவர், நீங்கள் ஒதுங்குவீர்கள் என்ற கணக்கில்தான் வருவார். முன்கூட்டியே தார் விளிம்பை விட்டு இறங்கி நின்று வழி கொடுங்கள். உங்கள் மனைவியை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் வாருங்கள். பழக்கமில்லாதவர் பின்னால் இருந்தால், முன்னே போகிறவரைப் பிடிக்கும் அவசரத்திலேயே களைத்துவிடுவார். முன்னால் அவர் போனால் வேகம் தானாக அவருடையதாகும். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு மேல் கல்லணைக்குக் கார்களும் வேன்களும் படையெடுக்கும். ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழுக்குள் அணையில் இருக்கலாம். கிழக்கே போவதால் சூரியன் நேர் முகத்தில் அடிக்கும். விளிம்பு வைத்த தொப்பியையோ குளிர்க் கண்ணாடியையோ மறக்காதீர்கள்.

கல்லணையில் ஒரு மணி நேரமாவது நில்லுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். சைக்கிளில் வந்தவருக்குத்தான் இந்த இடம் முழுதாகப் புரியும். ஏனென்றால் இவ்வளவு நேரம் ஒரே ஆற்றோடு வந்திருக்கிறீர்கள். இங்கே அது வடக்கிலிருந்து தெற்காகக் கொள்ளிடம் (முக்கொம்பில் பிரிந்த அதற்கு இங்கேயும் ஒரு வழி உண்டு), காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று நான்காகப் பிரிகிறது. பாலங்களின் மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து, ஒவ்வொரு மதகுக்கும் கீழே எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பாருங்கள். கால்வாய் மட்டும் புதுசு, மேட்டூர்த் திட்டத்தோடு 1934-ல் வந்தது. அதனால்தான் இந்தப் பக்கத்தில் அதற்குப் புது ஆறு என்று பெயர். கரிகாலன் கட்டியதாக மரபு சொல்லும் பழைய கல் அணை சுமார் 329 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 5.4 மீட்டர் உயரம். இப்போது கண்ணில் படுகிற பாலமும் கதவுகளும் பிற்காலத்தவை, பழைய அணை அவற்றின் அடியில் இருக்கிறது.

அதைக் கட்டிய விதம் எனக்கு இன்றுவரை வியப்பு. தோண்டத் தோண்ட மணல்தான் வரும் ஆற்றில், பெரிய பாறைகளைப் போட்டார்கள். அவை மணலில் அமிழ்ந்தன. அவற்றின்மேல் மீண்டும் பாறை, இடையில் களிமண். அமிழ்வது நின்றதும் அதுவே அஸ்திவாரம். ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் முறையை இந்த நாட்டு மக்களிடமிருந்துதான் கற்றோம் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் எழுதியிருக்கிறார். 1830களில் இங்கே மணல் போக்கிகளை அமைத்ததும், 1836-ல் முக்கொம்பில் மேலணை வேலையைத் தொடங்கியதும் அவரே. பின்னாளில் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டியபோதும் அதே பாடத்தை எடுத்துச் சென்றார். கரிகாலனுக்கு யானைமேல் அமர்ந்த சிலை இருக்கிறது. காட்டனுக்கும் இங்கே சிலை உண்டு. இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

மேலணை ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கரையில் ஓட்டுகிறவருக்கு இது நேரடியாகப் பயன்படும். கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, சரிவும் அதிகம். விட்டால் காவிரித் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே ஓடிவிடும், காவிரி மண் மேடிட்டுப் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. கொள்ளிடத்தின் குறுக்கே அணை போட்டுத் தண்ணீரைக் காவிரிக்குத் திருப்பினார்கள். அன்று முதல் காவிரி பாசன ஆறு, கொள்ளிடம் வெள்ள ஆறு. ஆண்டின் பெரும்பகுதி கொள்ளிடம் வறண்டு கிடக்கும். மேட்டூர் நிரம்பி உபரி திறந்தால் ஒரே நாளில் கரைக்குக் கரை ஓடும். 2018 ஆகஸ்டில் அப்படி வந்த வெள்ளத்தில் முக்கொம்பில் கொள்ளிடக் கதவணையின் ஒன்பது மதகுகள் உடைந்தன. அதே மாதம் திருச்சியில் 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடப் பாலத்தின் ஒரு பகுதியும் சரிந்தது. எனவே ஜூலை, ஆகஸ்டில் புறப்படுமுன் செய்தியில் மேட்டூரிலிருந்து வினாடிக்கு எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று பாருங்கள். கரையோர மக்களுக்கு எச்சரிக்கை என்று வந்தால் கொள்ளிடப் பக்கம் போகவே வேண்டாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம் குளிப்பது. வியர்த்து வந்தபின் தண்ணீரைப் பார்த்தால் இறங்கத் தோன்றும். படித்துறையில், ஊர்க்காரர்கள் குளிக்கும் இடத்தில், அவர்கள் நிற்கும் ஆழத்துக்குள் மட்டும் இறங்குங்கள். மதகுகளுக்குக் கீழே கூடவே கூடாது. மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் தெரியாது, இடுப்பளவில் நிற்கிறவர் அடுத்த அடியில் மூழ்கிப் போகலாம். கல்லணையிலும் முக்கொம்பிலும் நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்களே போயிருக்கிறார்கள். இதில் நான் சமாதானம் எதுவும் ஏற்பதில்லை.

முக்கொம்புப் பக்கத்தைப் பற்றியும் கேட்பீர்கள். வரைபடத்தில் பார்த்தால் கம்பரசம்பேட்டை, முத்தரசநல்லூர், ஜீயபுரம் வழியாகப் போகும் கரூர் சாலை ஆற்றை ஒட்டியே வருவது போலத் தெரியும். உண்மைதான், அழகான சாலைதான். ஆனால் அது நெடுஞ்சாலை. அகலம் குறைவு, லாரியும் பஸ்ஸும் வேகமாக வரும். உங்கள் மனைவியோடு அதில் போகாதீர்கள். மேற்கே போக ஆசை என்றால் திருவரங்கத்திலிருந்து மேலூர் வரை போய் வாருங்கள். வண்ணத்துப்பூச்சிப் பூங்கா அங்கேதான் இருக்கிறது, நெல்லும் வாழையும் சூழ்ந்த அமைதியான வழி. அதற்கு மேல் கரையில் மண்ணும் சரளையுமான இடங்கள் வரும், அகல டயர் வைத்திருப்பவருக்கு மட்டுமே சுகம், மழை பெய்த மறுநாள் அவருக்கும் இல்லை. ஆடி மாதத்தில் புதியவரைக் கூட்டிப்போக இந்த மேற்கு வழிதான் ஏற்றது. தெம்பு இருக்கும்போது காற்றை எதிர்த்துப் போய்விடலாம், களைத்தபின் காற்றே வீட்டில் கொண்டுவந்து விடும். ஆடிப்பெருக்கு நாளிலும் ஆடி அமாவாசையிலும் திருவரங்கத்து அம்மா மண்டபப் படித்துறைப் பக்கம் சைக்கிளைத் திருப்பாதீர்கள், கால் வைக்க இடம் இருக்காது.

இரண்டு நாள் வழிதான் எனக்கு மிகப் பிரியமானது. திரும்பி மிதிக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஆற்றோடு கிழக்கே போங்கள், ரயிலில் திரும்புங்கள். கல்லணையிலிருந்து பூம்புகார் வரை காவிரியை ஒட்டியே ஒரு மாநில நெடுஞ்சாலை போகிறது. நெடுஞ்சாலை என்ற பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம், பெரும்பகுதி ஊர்களுக்குள் வளைந்து போகும் சின்னச் சாலைதான். முதல் நாள் திருச்சியிலிருந்து கல்லணை, கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு. இது ஏறக்குறைய 50 கி.மீ. மறுநாள் திருவையாற்றிலிருந்து கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணம், சுமார் 35 கி.மீ. பழக்கமில்லாதவருக்கு முதல் நாள் 50 அதிகம் என்று தோன்றலாம். தரை சமம், தென்மேற்குப் பருவமானால் காற்றும் பின்னால், பத்து கிலோமீட்டருக்குள் ஒரு டீக்கடை. காலை எட்டரைக்குள் கல்லணையைத் தாண்டிவிட்டால் முடியும். முடியாவிட்டால் வழியிலேயே தப்பிக்க இடம் இருக்கிறது. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தெற்கே திரும்பினால் பூதலூர், அது திருச்சி-தஞ்சாவூர் ரயில் பாதையில் இருக்கும் நிலையம். திருக்காட்டுப்பள்ளியில் பஸ்ஸும் நிறையக் கிடைக்கும். அங்கே உட்கார்ந்து உங்கள் மனைவியிடம் உண்மையாகக் கேளுங்கள், பதிலை உண்மையாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

கோவிலடி அப்பக்குடத்தான் பெருமாள் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ஒவ்வோர் இரவும் அப்பம் நிவேதனம் நடக்கும் கோயில் அது. நீங்கள் காலையில் கடந்து போவதால் அப்பம் கிடைக்காது, ஆனால் மேட்டில் நிற்கும் கோயிலும் சுற்றுப்புறமும் இளைப்பாற நல்ல இடம். நண்பகலுக்குள் நடை சாத்திவிடுவார்கள்.

கல்லணைக்குக் கிழக்கே ஒரு வினோதம் உண்டு, முன்பே சொன்னால் மனம் தளர மாட்டீர்கள். தண்ணீர் போதாத ஆண்டுகளில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் முறை வைத்து விடுவார்கள். வெண்ணாற்றின் முறை நடக்கும் நாட்களில் நீங்கள் போகும் காவிரியில் தண்ணீர் மெலிந்துவிடும். திருச்சியில் நுரைக்க ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்தவர் திருக்காட்டுப்பள்ளியில் மணல் திட்டுகளைப் பார்த்துத் திகைப்பார். கல்லணையில் பணியாளர்களிடம் "இப்போ யாருக்கு முறை?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். வெண்ணாற்றின் முறை என்றால் திருவையாறு வந்தபின் தஞ்சாவூர்ச் சாலையில் தெற்கே போனால் அங்கே தண்ணீரைப் பார்த்துவிடலாம். திருவையாற்றிலிருந்து தஞ்சை 13 கி.மீ. அதற்குள் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆறுகளின் பாலங்களையும் கடப்பீர்கள். காரில் போகிறவருக்கு அவை ஐந்து குலுக்கல்கள். சைக்கிளில் ஒவ்வொரு பாலத்திலும் நின்று பார்த்தால் ஓர் ஆறு எப்படி ஒரு நாட்டையே பங்கிட்டுக்கொள்கிறது என்பது கண்முன் விரியும். தங்குவதற்கும் தஞ்சையில்தான் வசதி அதிகம். காலில் தெம்பு இருந்தால் முதல் நாளே அங்கே போய்விட்டு மறுநாள் காலை திருவையாற்றுக்குத் திரும்பி வரலாம்.

திருவையாற்றில் புஷ்ய மண்டபப் படித்துறையில் மாலை நேரத்தைக் கழியுங்கள். தியாகராஜர் சமாதி ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. 1847-ல் அவர் மறைந்தபின் கவனிப்பாரற்றுக் கிடந்த இடத்தில், 1920களில் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டுக் கோயில் எழுப்பினார். தை மாத ஆராதனை நாட்களில் அறை கிடைக்காது, சாலையும் நெரிசல். பாட்டுக் கேட்கவே வருகிறவர்கள் என்றால் வேறு விஷயம். பாசிப்பருப்பில் செய்யும் அசோகா இந்த ஊர்ச் சிறப்பு, மிதித்து வந்த பசிக்கு அதைவிட உகந்த இனிப்பு எனக்குத் தெரியாது.

இரண்டாம் நாள் சாலையில் தனியார் பஸ்கள் அடிக்கடி வரும். சீக்கிரமே கிளம்பிவிட்டால் திருப்பழனம் தாண்டும்வரை நிம்மதி. சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலை செய்யும் பட்டறைகளைப் பாருங்கள். மெழுகில் வடித்த உருவத்தின்மேல் அவர்கள் பூசுவது காவிரியின் வண்டல் மண். மாவு போல மெல்லிய அந்த மண் மெழுகின் ஒவ்வொரு நுணுக்கத்தையும் அப்படியே பிடித்துக்கொள்ளும். நீங்கள் ஆற்றோடு வந்தது போலவே அந்த மண்ணும் ஆற்றோடு வந்தது.

அறுவடைக் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குறுவை செப்டம்பர், அக்டோபரிலும் சம்பா ஜனவரி, பிப்ரவரியிலும் அறுவடையாகும். அப்போது சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும். அதன்மேல் ஏற்றாதீர்கள். அது யாரோ ஒருவருடைய ஆறு மாத உழைப்பு, உங்கள் சக்கரமும் வழுக்கும். வைக்கோல் பரப்பிய இடங்களில் இறங்கித் தள்ளுங்கள். கியர் சைக்கிளில் பின்சக்கரப் பற்சக்கரத்துக்கும் செயினுக்கும் நடுவில் வைக்கோல் சுற்றிக்கொண்டால் கியர் கொக்கியையே முறித்துவிடும். மெதுவாகச் சுற்றும்போதே சத்தம் கேட்டால் உடனே நிறுத்தி உருவிவிடுங்கள்.

சைக்கிள் விஷயத்தில் முதல் எதிரி சீமைக் கருவேல முள். கரையோரம் வெட்டிப் போட்ட கிளைகள் சாலைவரை வந்து கிடக்கும். ஓரமாக நிறுத்தும்போதும் சைக்கிளை மண்ணில் உருட்டாமல் தூக்கி வையுங்கள். 35 முதல் 40 மி.மீ. அகலமுள்ள டயர் இந்தச் சாலைகளுக்குப் பொருத்தம். மெல்லிய ரேஸ் டயர் வேண்டாம். ஆளுக்கு இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு அவசியம். உங்கள் சைக்கிளில் ஒல்லியான பிரஸ்டா வால்வு இருந்தால் கிராமத்துப் பஞ்சர் கடையில் காற்று அடிக்க முடியாது. அவர்களுடைய குழாய் மோட்டார் சைக்கிளின் தடித்த வால்வுக்கானது. பிரஸ்டாவில் திருகி மாட்டும் சிறிய பித்தளை அடாப்டர் ஒன்று இருபது, முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும், அதைச் சாவிக்கொத்திலேயே மாட்டிவையுங்கள். அந்தக் கடைக்காரர்களின் கைத்திறன் அபாரம். டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு, டயருக்குள் விரலை ஓட்டி மிச்சமிருக்கும் முள் நுனியைக் கண்டுபிடித்து எடுப்பார்கள். நாம் அவசரத்தில் டியூபை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த கிலோமீட்டரில் மீண்டும் நிற்போம்.

இருட்டியபின் கரைச் சாலை வேண்டாம். விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் சரி. தெருவிளக்கு இல்லாத நீளங்கள் அதிகம், வயல்வெளிப் பூச்சிகள் கண்ணில் மோதும், வெப்பம் தங்கிய தாரின்மேல் பாம்பு படுத்திருக்கும். நாய்களுக்குப் பயந்து வேகமெடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நான்கு அடி நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

கடைசியாகத் திரும்பும் ஏற்பாடு. கும்பகோணத்திலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிக்கு ரயில்கள் உண்டு. மடக்கு சைக்கிள் என்றால் உறை போட்டுக் கையோடு கொண்டுபோகலாம். முழு சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து லக்கேஜ் பெட்டியில் ஏற்ற வேண்டும். எல்லா ரயிலிலும் இது நடக்காது. அதனால் முந்தின நாளே நிலையத்தில் நேரில் கேட்டு, எந்த ரயில் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பதிவின்போது பயணச்சீட்டும் அடையாள அட்டையும் கேட்பார்கள். பெட்ரோல் டேங்க் இல்லாததால் மோட்டார் சைக்கிள் போல் சிக்கல் இல்லை, சாக்கு சுற்றிக் கட்டிக் கொடுத்தால் கீறல் விழாது. இந்த அலைச்சல் வேண்டாம் என்றால் கும்பகோணத்தில் ஒரு குட்டி யானை (சின்ன லோடு வண்டி) பேசிக்கொள்ளுங்கள். இரண்டு சைக்கிளைப் படுக்க வைக்காமல் நிறுத்திக் கட்டச் சொல்லுங்கள், கியர் இருக்கும் வலப்பக்கம் எதிலும் உரசக் கூடாது. நீங்கள் இருவரும் டிகிரி காபி குடித்துவிட்டு ரயிலில் வரலாம், சைக்கிள் உங்களுக்கு முன்பே வீடு வந்திருக்கும்.

முதலில் கல்லணைச் சுற்றை ஒரு மார்கழிக் காலையில் முடியுங்கள். அதில் உங்கள் மனைவிக்கு எந்த இடத்தில் களைப்பு வந்தது என்று கவனித்து எழுதுங்கள், இரண்டு நாள் வழியில் அவருக்கேற்ற நிறுத்தங்களை அதை வைத்துப் பிரித்துச் சொல்கிறேன்.